மாலை ஆறரை மணிப் பசி

கேள்வி:

மேடம், எனக்கு 28 வயது. கரூரில் ஒரு நிதி நிறுவனத்தில் நகைக்கடன் பிரிவில் வேலை. உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 69 கிலோ. இரண்டு வருடமாக வரன் பார்க்கிறார்கள். ‘பொண்ணு கொஞ்சம் பூசினாப்புல இருக்கு’ என்று இரண்டு இடம் தட்டிப்போய்விட்டது. அதிலிருந்து அம்மா என் சாப்பாட்டை அளந்து வைக்க ஆரம்பித்துவிட்டார். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும். மதியம் டிபன் பாக்ஸில் சுரைக்காய்ப் பொரியலும் வெள்ளரிக்காயும். ராத்திரி ஒரு சப்பாத்தி. நானும் சம்மதித்துத்தான் இருக்கிறேன்.

ஆனால் ஆறரை மணிக்கு ஆபீஸ் முடிந்து வரும் வழியில் பேக்கரிக்குள் போய்விடுகிறேன். இரண்டு பப்ஸ், ஒரு தேங்காய் பன், கால் கிலோ மிக்சர். வண்டியை இருட்டான இடத்தில் ஓரங்கட்டி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். ருசிகூடத் தெரியாது. துப்பட்டாவில் ஒட்டிய துகளைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய், ஒன்றும் தெரியாதவள் மாதிரி அந்த ஒரு சப்பாத்தியைச் சாப்பிடுவேன். வாரத்தில் நாலு நாள் இப்படி. ஒரு வருடமாகிறது. மேனேஜர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்ட நாளிலும், புரோக்கர் போன் வந்த நாளிலும் கண்டிப்பாகப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் அக்கா வீட்டுக்குப் போனால் மட்டும் அந்த நினைப்பே வருவதில்லை. இரண்டு முறை தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்தும் பார்த்தேன். பீரியட்ஸும் தள்ளித் தள்ளி வருகிறது. தை மாதம் ஒரு வீட்டார் பார்க்க வருகிறார்கள், அதற்குள் 8 கிலோ குறைக்க வேண்டும். எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை. அது வருவதற்கு ஏதாவது வழி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

காலையில் வெந்நீர், மதியம் வெள்ளரிக்காய். இதை வைத்துக்கொண்டு மாலை ஆறரை வரை தங்கத்தை எடை போட்டு, வட்டிக் கணக்குச் சொல்லி, வருகிறவர்களிடம் முகம் சுளிக்காமல் பேசி முடிக்கிறீர்கள். அப்படிப்பட்டவருக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அது உங்களிடம் அளவுக்கு மீறியே இருக்கிறது. பேக்கரி வாசலில் வண்டி நிற்பதற்கு முதல் காரணமே அதுதான். இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடு வர வழி கேட்கிறீர்கள். அதை நான் சொல்லித்தரப் போவதில்லை, தந்தால் உங்கள் நிலைமை மோசமாகும்.

நீங்கள் எழுதியிருக்கும் பகல் சாப்பாட்டையும் ராத்திரிச் சப்பாத்தியையும் கூட்டிப் பார்த்தேன். 400 கலோரிகூடத் தேறாது. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு நாளைக்குச் சுமார் 1,660 கலோரி வேண்டும் என்பது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. ஆகவே ஆறரை மணிக்கு நீங்கள் உணர்வது நாக்கு ருசி கிடையாது. அது உண்மையான, உடம்பின் பசி. மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் இருந்தவர் மேலே வந்ததும் ஆவேசமாக இழுக்கும் மூச்சைப் பார்த்து யாரும் பேராசை என்று சொல்ல மாட்டார்கள்.

இதற்கு ஒரு பழைய சோதனையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களைப் பாதிப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். பட்டினியில் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அது. அந்த இளைஞர்கள் யார் தெரியுமா? ‘ஆயுதம் தொட மாட்டோம்’ என்று மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள். உடலும் மனமும் திடமாக இருக்கிறதா என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மன உறுதிக்கு அவர்களைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 24 வாரம் நாளைக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்தார்கள், வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். எரிச்சல், சோர்வு, யாரிடமும் ஒட்டாத தன்மை எல்லாம் வந்தது. சோதனை முடிந்து வேண்டியதைச் சாப்பிடலாம் என்றதும் சிலர் உடம்புக்கு முடியாமல் போகிற அளவுக்குத் தின்றார்கள். வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்கவில்லை என்றார்கள்.

1,570 கலோரிக்கே இது. நீங்கள் உங்களுக்குக் கொடுத்துக்கொள்வது அதில் கால்வாசி.

சரி, பசியென்றால் ஒரு பப்ஸோடு நிறுத்தலாமே, ஏன் மிக்சர் வரை போகிறது என்று நீங்கள் கேட்கலாம். 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரிப் பெண்களுக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்று ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். டயட்டைப் பற்றிக் கவலைப்படாத பெண்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள், வயிறு நிறைந்துவிட்டது இல்லையா. எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் நேர்மாறு. மில்க் ஷேக் குடித்திருந்தால்தான் ஐஸ்கிரீமை அதிகம் சாப்பிட்டார்கள். ஏன்? முதல் வாயிலேயே விரதம் கெட்டுவிட்டது, ‘இன்னிக்குப் போச்சு, நாளையிலிருந்து பார்த்துக்கலாம்’ என்ற நினைப்பு வந்துவிடுகிறது. நாளை முதல் மறுபடி பட்டினி என்று தெரிந்த மனசு இன்றைக்கே எல்லாவற்றையும் தின்றுவிடப் பார்க்கும். முதல் பப்ஸைக் கடித்ததும் உங்களுக்குள் ஓடும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் பசி மட்டும் காரணம் என்றால் வாரத்தில் ஐந்தாறு நாளும் போக வேண்டும். நீங்கள் நாலு நாள்தான் போகிறீர்கள். மேனேஜர் கத்திய நாளிலும் புரோக்கர் போன் வந்த நாளிலும் கண்டிப்பாகப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அது. அவமானமும் பயமும் கோபமும் உடம்பில் ஏறி நிற்கின்றன, அவற்றை இறக்கிவைக்க இடம் இல்லை. ஆபீசில் திருப்பிப் பேச முடியாது. வீட்டில் அழுதால் அம்மா இன்னும் கலங்கிப்போவார். இருட்டில் நிறுத்திய வண்டியில் அந்தப் பத்து நிமிடம் மேனேஜரும் இல்லை, புரோக்கரும் இல்லை, ‘நான் குண்டு’ என்ற நினைப்புகூட இல்லை. வாயும் கையும் மட்டும் வேலை செய்கின்றன. தன்னைப் பற்றிய வேதனையான நினைப்பிலிருந்து தப்பிக்கும் வழியாகவே இப்படிப்பட்ட உண்ணுதல் அமைகிறது என்று ஹீதர்டன், பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 1991-இல் விளக்கினார்கள். ருசி தெரியவில்லை என்று நீங்கள் சொல்வதும் அதனால்தான். அந்த நேரத்துக்கு அது உண்மையாகவே ஆறுதல் தருகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆறுதல் தராத ஒன்றை யாரும் ஒரு வருடம் செய்ய மாட்டார்கள். கவரைக் கசக்கிப் போட்டதும் பழைய அவமானத்தோடு புது அவமானமும் சேர்ந்துகொள்கிறது, மறுநாள் பட்டினி இன்னும் கடுமையாகிறது, அதுதான் சிக்கல்.

நம் வீடுகளில் உணர்ச்சிக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள முடிச்சு சின்ன வயதிலேயே விழுந்துவிடுகிறது. அழுகிற குழந்தை கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துவிட்டுத்தான் என்ன ஆச்சு என்று கேட்போம். வளர்ந்த பிறகு பெண்ணுக்குக் கோபம் வந்தால், வாய்விட்டுச் சொல்லாமல் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். ‘அவ சாப்பிடல’ என்று வீடே அவளைக் கவனிக்கும். கோபத்தைக் காட்டப் பல பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே வழி அதுதான். துக்கத்துக்கும் தட்டு, கோபத்துக்கும் தட்டு என்று பழகிய பிறகு, இருபத்தெட்டு வயதில் திடீரென்று ‘பசிக்கு மட்டும் சாப்பிடு’ என்றால் எப்படி முடியும்?

உடம்பைப் பற்றிய வெறுப்பும் பிறக்கும்போது கூட வந்ததில்லை. பசிபிக் கடலில் உள்ள ஃபிஜித் தீவில், நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. அங்கே கட்டுமஸ்தான, நிறைந்த உடம்புதான் அழகு. ஒரு பெண் இளைத்துப் போனால் வீட்டார் சரியாகக் கவனிக்கவில்லை என்று பேசுவார்கள். ஆன் பெக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே பள்ளி மாணவிகளை 1995-லும் 1998-லும் ஆராய்ந்தார். எடை குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் முதல் ஆண்டில் ஒருவர்கூட இல்லை. மூன்று வருடம் கழித்து நூற்றுக்கு 11 பேர். தான் குண்டாக இருப்பதாகச் சில சமயமாவது நினைத்தவர்கள் நூற்றுக்கு 74 பேர். உடம்பு அதே உடம்புதான், பார்க்கும் கண் மாறிவிட்டது. நம் பாட்டிமார் காலத்திலும் ஒடிசலான பெண்ணைப் பார்த்தால் ‘வீட்ல சோறு போடலையா’ என்று கேட்ட ஊர்தானே இது? இன்றைக்கு அதே ஊரில் பயோடேட்டாவோடு முழு உருவ போட்டோ கேட்கிறார்கள், அந்த போட்டோவை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத நாலு பேர் உங்கள் இடுப்பை எடை போடுகிறார்கள். இதைக் கொடுமை என்றே சொல்வேன். அதற்கு உங்கள் உடம்பு பொறுப்பில்லை.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதல் வேலை காலைச் சாப்பாடு. மூன்று இட்லி, சாம்பார், முடிந்தால் ஒரு முட்டை. பதினொரு மணிக்கு ஒரு கொய்யாவோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ. மதியம் சாதம், பருப்பு அல்லது தயிர், காய். நாலு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடக் கூடாது. இதில் எனக்கு மிக முக்கியமானது ஐந்தரை மணிச் சிற்றுண்டி. ஆபீசை விட்டுக் கிளம்பும் முன் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு டீயும் உள்ளே போயிருக்க வேண்டும். பேக்கரிக்கு முன்னால் வண்டி வருகிற நேரத்தில் உங்கள் வயிறு காலியாக இருக்கக் கூடாது. ஆபீசில் சுண்டலுக்கு வழியில்லை என்றால் பொட்டுக்கடலையும் வெல்லமும் டப்பாவில் போட்டு மேசை டிராயரில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள்.

இதைப் படிக்கும்போதே எடை ஏறிவிடுமே என்று பயம் வரும். முதல் சில வாரங்களில் ஒரு கிலோ ஏறவும் செய்யலாம், அதில் பெரும்பகுதி தண்ணீர். ஆனால் ஒரே ஒரு நாள் மாலையில் நீங்கள் சாப்பிடும் பப்ஸ், பன், மிக்சரைக் கூட்டினால் இரண்டு மூன்று வேளைச் சாப்பாட்டுக்குச் சமம். அது குறைந்தாலே கணக்கு நேராகிவிடும். எடை பார்க்கும் மெஷினில் வாரம் ஒரு முறைக்கு மேல் ஏற வேண்டாம். பேக்கரியையும் ஒரேயடியாக விலக்கச் சொல்லவில்லை. சனிக்கிழமை தோழியோடு போய், வெளிச்சத்தில், நாற்காலியில் உட்கார்ந்து, டீயோடு ஒரு பப்ஸை மெதுவாகச் சாப்பிடுங்கள். ஒளித்துச் சாப்பிடுவதும் அவசரமாகச் சாப்பிடுவதும்தான் உங்களை வதைக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் ஒரு பப்ஸுக்கு அவ்வளவு சக்தி இருக்காது.

வயிறு நிறைந்திருந்தும் மனசு பேக்கரிப் பக்கம் இழுக்கும் நாட்கள் இருக்கும். அன்றைக்கு வண்டியை எடுக்கும் முன் பார்க்கிங்கிலேயே இரண்டு நிமிடம் நில்லுங்கள். இன்றைக்கு என்ன நடந்தது, இப்போது எனக்கு வந்திருப்பது கோபமா, அவமானமா, பயமா, வெறும் அலுப்பா என்று பாருங்கள். நெஞ்சு படபடக்கிறதா, தொண்டை அடைக்கிறதா, தாடை இறுகியிருக்கிறதா? பெயர் சொல்லிவிட்டால் உணர்ச்சியின் வேகம் கொஞ்சம் தணியும். அப்புறம் அக்காவுக்கு போன் போடுங்கள். ‘அக்கா, மேனேஜர் இப்படிப் பேசிட்டார்’ என்று அஞ்சு நிமிடம் கொட்டிவிடுங்கள். எந்த உந்துதலும் ஏறிக்கொண்டே போகாது, பதினைந்து இருபது நிமிடத்தில் தானே இறங்க ஆரம்பிக்கும். இதையெல்லாம் வெறும் வயிற்றோடு முயன்றால் பலிக்காது என்பதால்தான் சாப்பாட்டை முதலில் சொன்னேன். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் பசி கூடுவது இயற்கை, அந்த நாட்களில் மாலைச் சிற்றுண்டியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

அக்கா வீட்டில் அந்த நினைப்பே வரவில்லை என்றீர்களே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அங்கே நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? தட்டில் யார் பரிமாறுகிறார்கள்? யாராவது உங்கள் தட்டைப் பார்க்கிறார்களா? சாப்பிடும்போது என்ன பேசிக்கொள்கிறீர்கள்? உங்களுக்கு நிம்மதியாகச் சாப்பிடத் தெரியும், வாரம் ஒரு முறை சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிறீர்கள். கரூர் வீட்டில் எது குறைகிறது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

அம்மாவிடம் பேசித்தான் ஆக வேண்டும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘பொண்ணுக்கு இன்னும் முடியலையா’ என்ற கேள்வியை உறவுக்காரர்கள் அவரிடம்தான் கேட்கிறார்கள், அந்தப் பயம் உங்கள் தட்டில் வந்து இறங்குகிறது. சமையல் வேலை ஓய்ந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: “அம்மா, என் நல்லதுக்குத்தான் அளந்து வைக்கறீங்கன்னு தெரியும். ஆனா பகல்ல பட்டினி கிடந்துட்டு வெளியில ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிடறேன். இதை டாக்டர்கிட்ட காட்டணும்னு சொல்றாங்க. ஆறு மாசத்துக்கு என் எடையைப் பத்திப் பேச வேண்டாம். தட்டுல நானே போட்டுக்கறேன்.” நேரில் சொல்ல வாய் வராவிட்டால் இந்தப் பதிலையே படிக்கக் கொடுங்கள். அம்மா, நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை: உங்கள் பெண் உங்களை ஏமாற்றவில்லை. அவளுக்குப் பசிக்கிறது.

வாந்தி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், இனி ஒரு தடவைகூட வேண்டாம். அடிக்கடி வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும், அது இதயத் துடிப்பையே குலைக்கும். பல் எனாமல் கரையும், தொண்டை புண்ணாகும். சாப்பிட்டதெல்லாம் அதில் வெளியே வந்துவிடுவதும் இல்லை. பேதி மாத்திரைக்கும், தெரிந்தவர்கள் விற்கும் ‘ஸ்லிம்’ பவுடருக்கும் இதே பதில்தான். பீரியட்ஸ் தள்ளிப்போவதால் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்து தைராய்டு, பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இரண்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களிடம் இப்படி அளவு மீறிச் சாப்பிடும் பழக்கம் அதிகம் காணப்படுகிறது. கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. உங்கள் சாப்பாட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

குறுகிய நேரத்தில் நிறுத்த முடியாமல் மிக அதிகமாகச் சாப்பிடுவது, ஒளித்துச் சாப்பிடுவது, பிறகு குற்ற உணர்வில் தவிப்பது. இது வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் அதை ஒரு தனி உண்ணுதல் கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் தன் பட்டியலில் சேர்த்தது. நேரில் பார்க்காமல் உங்களுக்கு இதுதான் என்று நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் வாரம் நாலு நாள், ஒரு வருடம் என்றால் நேரில் காட்டியே ஆக வேண்டும். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தனியாரிடம் போவதானால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசுங்கள். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். இதற்கான பேச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஒரு முறையாகச் சுமார் 20 அமர்வுகள். அதில் குணமடைந்த பெண்கள் நிறைய.

தை மாதக் கேள்விக்கு வருகிறேன். அதற்குள் 8 கிலோ குறைக்க முயல வேண்டாம். பட்டினி கிடந்தால் குறையலாம்தான், ஆனால் அப்படிக் குறைந்த எடை இரண்டு மடங்கு பேக்கரியோடு திரும்பி வரும், அதுவும் புது வீட்டில், புது ஆட்களுக்கு நடுவில், இன்னும் அதிகமாக ஒளித்துக்கொண்டு. சாப்பாடு சீரான பிறகு, இன்னும் சில மாதம் கழித்து, உடல்நலத்துக்காக மெதுவாக எடை குறைப்பது பற்றி ஒரு உணவியல் நிபுணரோடு பேசலாம், அதில் தப்பே இல்லை. இப்போது வருகிறவர்களுக்கு போன மாதம் எடுத்த போட்டோவையே அனுப்புங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய போட்டோ வேண்டாம். இப்போதைய போட்டோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உங்களைப் பார்க்கத்தான் வருவார்கள், அந்த வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட உங்களுக்கும் பயமிருக்காது. அன்றைக்குக் கட்டும் புடவைக்கு ஜாக்கெட்டை இப்போதைய அளவுக்கே தைத்துக்கொள்ளுங்கள். மூச்சு முட்டும் ஜாக்கெட்டில் யாருக்கும் நாலு வார்த்தை நிதானமாகப் பேச வராது.

மருத்துவரை முதல் முறை பார்க்கப் போகும்போது ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போங்கள். இன்றிலிருந்தே அதில் எழுதலாம்: எத்தனை மணிக்கு, எங்கே, என்ன சாப்பிட்டீர்கள், அதற்கு முன் என்ன நடந்தது, மனசு எப்படி இருந்தது. கலோரி எழுத வேண்டாம், கிலோவும் வேண்டாம். பேக்கரிக்குப் போன நாளையும் மறைக்காமல் எழுதுங்கள். பார்க்கும் மருத்துவருக்கு அந்தப் பக்கங்கள்தான் அதிகம் உதவும்.